பெயர் இல்லாத அறிவிப்பு

பஞ்சாபில் தலேர்கோட் கிராமத்தில் பிக்கர் சிங்கின் குரலை அறியாதவர் யாரும் இல்லை. முகத்தை அறியாதவர்கள் சிலர் உண்டு. மேற்குத் தெருவுக்குப் புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்த இரண்டு பெண்கள் ஒருமுறை அவருடைய சைக்கிளையே நிறுத்தி, "குருத்வாரா மைக்குல பேசுவாரே, நல்ல உசரமா இருப்பாராமே, அவரு வீடு எது?" என்று கேட்டார்கள். பிக்கர் சிங் ஐந்தடி இரண்டு அங்குலம். "அந்த டிராக்டர் நிக்குது பாருங்க, அதுக்குப் பின்னால. ஆனா அவ்வளவு உசரமில்ல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கக் குருத்வாராவுக்குள் போனவர். பழுது தீர்ந்தது, அவர் திரும்பவில்லை. காலைப் பிரார்த்தனைக்குப் பிறகும் மாலைப் பிரார்த்தனைக்குப் பிறகும் ஊர் அறிவிப்புகளைப் படிப்பது அவர் வேலையாயிற்று. எருமை காணாமல் போனால், கால்நடை மருத்துவர் வந்தால், ரேஷன் கோதுமை இறங்கினால், யாராவது இறந்தால், பிக்கர் சிங் சொன்ன பிறகுதான் அது நடந்ததாக அர்த்தம்.

பிக்கர் சிங் மஜபி. அதாவது, அவருடைய முப்பாட்டனார் குப்பை அள்ளியவர். ஆகவே இவரும் அப்படித்தான் என்று ஊர் முடிவு செய்திருந்தது. சீக்கிய மதத்தில் சாதி கிடையாது. இதைத் தலேர்கோட்டில் எல்லாச் சாதிக்காரர்களும் ஒப்புக்கொள்வார்கள். குருத்வாரா சமையல்கூடத்தில் பருப்பு அண்டாவில் மட்டும் பிக்கர் சிங்கின் கை பட வேண்டாம் என்று யாரோ என்றைக்கோ சொல்லியிருந்தார்கள். சொன்னது யார் என்பது மறந்துவிட்டது, சொன்னது மறக்கவில்லை. மைக்கை அவர் தொடலாம். மின்சாரத்தில் தீட்டு எரிந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு விதி. சேர்ந்த இரண்டாம் வருடம், யாரோ நீட்டிய துண்டுச் சீட்டை நம்பி, ஜங்கீர் சிங் காலமானார் என்று அறிவித்துவிட்டார். மூன்று ஊர்களிலிருந்து சொந்தக்காரர்கள் டிராக்டரில் அழுதுகொண்டே வந்து இறங்கினார்கள். கதவைத் திறந்தவர் ஜங்கீர் சிங். நாற்பது பேருக்கு டீ போட வேண்டி வந்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து, அறிவிப்பு யார் கேட்டாலும் முதலில் கேட்டவர் பெயர், பிறகு அவர் தகப்பனார் பெயர். பெயர் இல்லையென்றால் அறிவிப்பு இல்லை. ஊர்த் தலைவரே கேட்டாலும் அப்படித்தான். பிறகு எதையும் இரண்டு முறை சொல்வார். முதல் முறை ஊர் "என்ன சொன்னான்?" என்று கேட்கும், இரண்டாம் முறைதான் காதில் வாங்கும்.

ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசியில், கோதுமை விதைப்பு முடியும் சமயத்தில், ஒன்பதாம் குரு தேக் பகதூர் தில்லியில் தலை கொடுத்த நாள் வரும். வெளியூரிலிருந்து கதை சொல்பவர் ஒருவரை அழைப்பார்கள். பிக்கர் சிங் அந்தக் கதையை இருபத்து நான்கு முறை கேட்டிருக்கிறார். மற்றவர்கள் கேட்பதற்கும் அவர் கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. மற்றவர்களுக்குக் குழந்தை அழும், பக்கத்து ஆள் பேச்சுக் கொடுப்பான், இரண்டு பேருக்குத் தூக்கம் வரும். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவன் தூங்க முடியாது. கதை சொல்பவரின் குரல் ஏறும்போது குறைக்க வேண்டும், தழுதழுக்கும்போது கூட்ட வேண்டும். ஆகவே ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தார்.

காஷ்மீரப் பண்டிதர்கள் வந்து, பாதுஷாவின் ஆட்கள் எங்கள் பூணூலை அறுக்கிறார்கள், மதம் மாறச் சொல்கிறார்கள் என்று அழுதார்கள். குருமார் வழியில் பூணூல் கிடையாது. முதல் குரு சிறு பிள்ளையாக இருந்தபோதே அதை வேண்டாம் என்று தள்ளியவர். தங்கள் வழி வேண்டாம் என்று தள்ளிய நூலை இன்னொருவன் போட்டுக்கொள்ளும் உரிமைக்காக ஒன்பதாமவர் புறப்பட்டுப் போனார். கூடப் போன மூவரை அவர் கண்ணெதிரே கொன்றார்கள். ஒருவரை ரம்பத்தால் அறுத்து, ஒருவரைக் கொதிநீரில் போட்டு, ஒருவரைப் பஞ்சில் சுற்றிக் கொளுத்தி. மதம் மாறு, இல்லையென்றால் ஓர் அற்புதம் காட்டு என்றார்கள். இரண்டுக்கும் மாட்டேன் என்றார். சாந்தினி சௌக்கில் தலையை வெட்டினார்கள்.

வெட்டிய தலையை எடுத்துக்கொண்டு குருவின் ஊரான ஆனந்த்பூர்வரை போனவர் பிக்கர் சிங்கின் சாதிக்காரர். கதை இந்த இடத்துக்கு வந்ததும் முன்வரிசைக்காரர்கள் திரும்பி, செருப்பு அலமாரிப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மஜபிகளைப் பார்த்துப் புன்னகை செய்வார்கள். அரை நிமிடம் இருக்கும். பிறகு கதை மேலே போகும்.

பிக்கர் சிங் செய்த தவறு ஒன்றுதான். அந்தக் கதையை ஒரு கட்டளை என்று எடுத்துக்கொண்டார். ஊர் அதை ஒரு பெருமை என்று எடுத்துக்கொண்டிருந்தது.

அவர் வீட்டுக்கு அடுத்த வீடு ஜக்ஸீர் சிங்குடையது, அவரும் மஜபி. ஜக்ஸீருக்குப் பேச்சு வராது. அவர் பங்கையும் சேர்த்து மனைவி சிந்தர் கௌர் பேசிவிடுவாள். அவர்கள் மகளுக்கு வலிப்பு இருந்தது. மான்ஸா அரசு மருத்துவமனையில் மாத்திரை கொடுத்தார்கள். அதே மாதம் ஒரு பாஸ்டர் வந்து நெற்றியில் எண்ணெய் தடவி ஜெபித்தார். வலிப்பு நின்றது. எது நிறுத்தியது என்பதில் தெருவில் இரண்டு கட்சி. ஜக்ஸீர் வீட்டு முற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை தோறும் டோலக் சத்தத்தோடு ஏசு பாட்டு தொடங்கியது. இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். அவர்களுடைய சின்ன ஸ்பீக்கர் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டே இருந்ததால், பிக்கர் சிங் சுவர் ஏறிக் குதித்து எர்த் கம்பியைச் சரி செய்து கொடுத்தார். கொடுத்துக்கொண்டே, அண்ணி முறையில் 'பாபி' என்று கூப்பிட்டுச் சிந்தரோடு சண்டையும் போட்டார்.

"பாபி, அந்த எண்ணெயை ஒரு மாசம் நிறுத்திப் பாரு. புள்ள நல்லாத்தான் இருப்பா."

"மாத்திரையை நிறுத்திப் பாருன்னு சொல்லேன்."

"அதை நிறுத்தினா விழுந்துருவா."

"அப்ப ரெண்டும் ஓடட்டும் பிக்கரா. உனக்கு எங்க வலிக்குது?"

"எங்க குரு தலை போற நேரத்துலகூட அற்புதம் காட்ட மாட்டேன்னாரு. உங்க பாஸ்டரு ஒரு பாட்டில் எண்ணெய்க்குக் காட்டுறாரு."

"உங்க குரு பெரிய மனுசரு. எனக்கு அவ்வளவு பெரிசு வேணாம். புள்ள அடுப்புல விழாம இருந்தாப் போதும்."

வாதத்தில் தோற்பது பிக்கர் சிங்குக்குப் பழக்கமில்லை. மைக்கில் யாரும் பதில் சொல்வதில்லை.

இந்த வருட நினைவு நாளன்று கதை சொல்ல வந்தவர் நன்றாக அழுதார், நன்றாகச் சாப்பிட்டார், காரில் போனார். பிற்பகலில் குருத்வாரா கமிட்டி ஐவரும் அலுவலக அறையில் டீயும் ஜிலேபியுமாக உட்கார்ந்தார்கள். கமிட்டியின் பிரதான், அதாவது தலைவர், நாஹர் சிங்குக்கு நாற்பது ஏக்கர், நெஞ்சுவரை வெள்ளைத் தாடி. அவரைக் கெட்டவர் என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. சொல்லவேண்டி வந்தவர்கள் லூதியானாவுக்குப் பிழைக்கப் போய்விட்டார்கள். பிக்கர் சிங்கைக் கூப்பிட்டு அவர் ஒரு காகிதத்தை நீட்டினார். செயலாளர் மாஸ்டர் ரூப் சிங்கின் அழகான கையெழுத்து.

"சாயங்காலம் பிரார்த்தனை முடிஞ்சதும் இதைப் படிச்சிரு."

பிக்கர் சிங் நின்றபடியே படித்தார். ஜக்ஸீர் வீட்டையும் மற்ற இரண்டு வீடுகளையும் ஊர் தள்ளி வைக்கிறது. வயலில் வேலை கிடையாது, வரப்பில் புல் கிடையாது, பால் பண்ணை அவர்கள் பாலை வாங்காது, கடை சாமான் கொடுக்காது. மீறுகிறவருக்கு அபராதம்.

"யாரு பேருல பிரதான்ஜி?"

"என்னய்யா யாரு பேருல? ஊர் பேருல."

"ஊருக்கு அப்பா பேரு என்ன?"

கமிட்டிக்காரர் ஒருவருக்கு ஜிலேபி புரையேறியது. நாஹர் சிங் சிரிக்கவில்லை.

"கமிட்டின்னு போடு."

"கமிட்டின்னா அஞ்சு பேரு. அஞ்சு பேரும், அஞ்சு அப்பா பேரும். எழுதிக்கிறேன்" என்று பிக்கர் சிங் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மாஸ்டர் பதறிப்போய்ப் பேனாவின் மேல் கையை வைத்தார். "பேரு போட்டா எஸ்.சி. ஆக்ட்டுல, வன்கொடுமைன்னு தூக்கிருவாங்க பிரதான்ஜி. ஜாமீன் கிடைக்கிறதுகூடக் கஷ்டம்."

நாஹர் சிங் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். பிறகு அவர் முகம் தெளிந்தது. "ஓய் பிக்கரா, உன் பேர்லயே சொல்லிரு. நீயும் அவங்க சாதி. உன்மேல அந்தச் சட்டம் பாயாது. என்ன மாஸ்டர், சரிதானே?"

"சட்டப்படி சரி" என்றார் மாஸ்டர். முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் குடிமைப் பாடம் நடத்தியவர்.

பிக்கர் சிங் காகிதத்தை மடித்தார். "காலையில கதை கேட்டீங்களா பிரதான்ஜி?"

"கேட்டேனே. கண்ணுல தண்ணி வந்துருச்சு."

"அதுல பண்டிதருங்க வந்து…"

"அது வேற. இவங்க நம்ம மதத்தை விட்டுப் போனவங்க."

"பண்டிதருங்க நம்ம மதத்துலயே இல்ல. அவங்களுக்கே குரு தலையைக் கொடுத்திருக்காரு."

"கதை சொல்றதுக்கு உனக்குச் சம்பளம் இல்ல. மைக்குக்குத்தான் சம்பளம். ஆறரை மணிக்கு நீ படிக்கலன்னா, அந்தக் காகிதத்துல நாலாவது வீடு உன்னோடது. போ, ஜிலேபி எடுத்துக்க."

ஜிலேபியை எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவி மல்கீத்திடம் அதைக் கொடுத்து விஷயத்தையும் சொன்னார். மல்கீத் ஜிலேபியைத் தின்னவில்லை.

"நம்ம எருமையும் புல்லுதான் திங்குது" என்றாள்.

"தெரியும்."

"உங்களுக்கு அவ சாமி பிடிக்காது. அவ எண்ணெய் பிடிக்காது. அவளையே பிடிக்காது. இதுல உங்களுக்கு என்ன வேலை?"

"அதான் எனக்கும் தெரியல."

"தெரியலன்னா படிச்சுட்டு வாங்க."

"பொய்க் கையெழுத்துப் போடற மாதிரி இருக்கு மல்கீத். தள்ளி வைக்கிறது அவங்க, பேரு மட்டும் என்னுது."

அதற்குள் சுவருக்கு மேல் சிந்தரின் தலை தெரிந்தது. கமிட்டி அறையில் பேசியது ஊருக்குள் பரவ, மைக் தேவைப்பட்டிருக்கவில்லை.

"பிக்கரா, இன்னைக்கு எங்களைப் பத்தி நல்லாப் படிக்கப் போறியாமே."

"நீ அந்த எண்ணெயை விட்டுரு பாபி. எல்லாம் சரியாயிரும்."

"விட மாட்டேன்."

"பாஸ்டரை வர வேணாம்னு சொல்லு."

"மாட்டேன்."

"அது பொய்யின்னு உனக்கே தெரியும்."

"உனக்குப் பொய். இருந்துட்டுப் போகட்டும். நாளைக்கு விடிஞ்சதும் நான் எங்க போய்ப் புல் அறுக்கிறது? அதைச் சொல்லு முதல்ல."

பிக்கர் சிங் எழுந்து தலைப்பாகையைக் கட்டிக்கொண்டார். அவருக்குப் பயமாக இருந்தது. ஐம்பத்திரண்டு வயதில், ஓர் எருமையோடு, நாலாவது வீடாக இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். போன தடவை கூலி உயர்வு கேட்ட ஏழு வீடுகளை ஊர் எட்டு மாதம் தள்ளி வைத்திருந்தபோது, அதை மைக்கில் படித்ததும் அவர்தான். அப்போது ஊர்த் தலைவர் பெயர் கொடுத்திருந்தார். விதிப்படி எல்லாம் சரியாக இருந்தது. அந்த எட்டு மாதத்தில் ஒரு குழந்தை பாலில்லாமல் செத்தது. அதையும் அவர்தான் அறிவித்தார், தகப்பனார் பெயரோடு.

ஆறரை மணிக்குப் பிரார்த்தனை முடிந்தது. பிக்கர் சிங் மைக் அறைக் கதவை உள்ளே தாழிட்டார். முதலில் ஒரு கிடாரிக் கன்று காணாமல் போனதைச் சொன்னார். பிறகு காகிதத்தை விரித்தார்.

"ஊராருக்குத் தெரிவிக்கிறது. சொல்றது பிக்கர் சிங், தகப்பனார் பேரு தாரி சிங். என்கிட்ட ஒரு காகிதம் கொடுத்திருக்காங்க. ஜக்ஸீர் சிங் வீட்டையும், அவரோட ஞாயித்துக்கிழமை ஜெபம் பண்ற ரெண்டு வீட்டையும் ஊர் தள்ளி வைக்குதாம். யாரும் வேலை கொடுக்கக் கூடாது, வரப்புல புல் அறுக்க விடக் கூடாது, பால் வாங்கக் கூடாது, சாமான் கொடுக்கக் கூடாது. காகிதம் கொடுத்தவங்க தங்க பேரைச் சொல்ல வேணாம், என் பேர்ல சொல்லுன்னாங்க. இது நான் எழுதினது இல்ல. பேரு இல்லாம இந்த மைக்குல அறிவிப்பும் கிடையாது. அதனால அறையில இருந்தவங்க பேரை, உக்காந்திருந்த வரிசையில சொல்றேன்."

ஐந்து பெயர்களைச் சொன்னார். ஐந்து தகப்பனார் பெயர்களையும் சொன்னார்.

"ஜக்ஸீர் வீட்டுல தடவுற எண்ணெய்ல எனக்கு நம்பிக்கை இல்ல. அது என் சொந்தக் கருத்து. அதுக்காக அவங்க வயித்துல அடிக்கிறதுல எனக்குச் சம்மதம் இல்ல. அதுவும் என் சொந்தக் கருத்து. இன்னொரு தடவை சொல்றேன்."

பிரதான் வீட்டிலிருந்து குருத்வாராவுக்கு மோட்டார் சைக்கிளில் மூன்று நிமிடம். இரண்டாம் முறை படிப்பதில் நாலாவது பெயர் வந்தபோது யாரோ வெளியே மெயின் ஸ்விட்சை அணைத்தார்கள். ஐந்தாவது ஆள், தன் பெயர் ஒரு முறைதான் சொல்லப்பட்டது என்பதால், தான் அந்த அறையிலேயே இல்லை என்று இன்றுவரை சாதித்து வருகிறார்.

கதவைத் திறந்து வெளியே வந்த பிக்கர் சிங்கை யாரும் அடிக்கவில்லை. நாஹர் சிங் அவர் தலைப்பாகையை மட்டும் தட்டிவிட்டார். அதை அவர் குனிந்து எடுத்து, இருட்டிலேயே கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அறிவிப்பை யாரோ கைபேசியில் பதிவு செய்திருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகள் பாதிப் பேர் கனடாவிலும் இத்தாலியிலும் இருந்ததால், தலேர்கோட் தூங்கப் போகும் முன்பே கனடாவின் பிராம்ப்டன் நகரம் அதைக் கேட்டுவிட்டது. நாஹர் சிங்கின் மூத்த மகன் அங்கே, தலைப்பாகையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டும் உரிமை கேட்டு, 'மதச் சுதந்திரம்' என்று எழுதிய பதாகையைப் பனியில் நான்கு மணி நேரம் பிடித்து நின்றவன். அந்தப் படம் பத்திரிகையிலும் வந்திருந்தது.

"அப்பா, அதே பத்திரிகைக்காரன் இப்ப போன் பண்றான். நான் என்ன சொல்றது?"

"நமக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லு."

"உங்க பேரு இருக்கே. தாத்தா பேரும் இருக்கே."

காலையில், எஸ்.சி. ஆக்ட் கேஸ் விஷயமாக, சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் டீ சாப்பிட வந்தார். பிரதான் வீட்டில் அன்று டீக்கு அதிக நேரம் ஆயிற்று. அவர் போனதும் நாஹர் சிங் வாழ்நாளில் முதல் முறையாக மைக்கின் முன் உட்கார்ந்தார். இரண்டு முறை ஊதினார். ஸ்பீக்கர் கிரீச்சிட்டது, நிறுத்தத் தெரிந்தவர் அங்கே இல்லை. அந்தக் கிரீச்சலுக்கு நடுவே, தலேர்கோட்டில் யாரும் யாரையும் தள்ளி வைக்கவில்லை, எல்லாம் ஒரு தவறான புரிதல், தன்னுடைய வயலில் யார் வேண்டுமானாலும் புல் அறுத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். கேள்வி வரும் என்று தெரிந்ததால் தன் பெயரையும் தகப்பனார் பெயரையும் சொன்னார். பிக்கர் சிங் வேலையிலிருந்து நீக்கப்பட்டதை மட்டும் கமிட்டி மைக்கில் அறிவிக்கவில்லை. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியது.

நான்காம் நாள் காலையில் பிக்கர் சிங் பஸ் நிலையத்துக்கு வேலை தேடிப் போய்க்கொண்டிருந்தார். அங்கே மிக்ஸி, மின்விசிறி பழுது பார்க்கும் கடை ஒன்று இருந்தது. கால்வாய்ப் பாதையில் நாஹர் சிங் மோட்டார் சைக்கிளை அவர் பக்கத்தில் நிறுத்தினார். வலதுபுறம் அவருடைய கோதுமை வயல். அதன் வரப்பில், ஊரிலேயே புல் அதிகமாக வளர்ந்திருந்த வரப்பில், சிந்தர் கௌர் உட்கார்ந்து அரிவாளை வீசிக்கொண்டிருந்தாள். வேறு வரப்புகளும் இருந்தன. அவள் இதைத் தேர்ந்தெடுத்திருந்தாள். நாஹர் சிங் அந்தப் பக்கம் பார்க்காமல் பேசினார்.

"பிக்கரா, அந்த மைக்குல, பிரார்த்தனை சொல்ற கியானி ஜோகா சிங் பேசறது ஒரு எழவும் புரியல. நேத்து ஊசி போட வந்த டாக்டருகிட்ட யாருமே போகல."

"அவருக்குப் பல்லு இல்ல பிரதான்ஜி."

"நீ திரும்ப வந்துரு. பெரிசா ஒண்ணும் வேணாம். உனக்குக் கண்ணு சரியாத் தெரியல, காகிதத்தைத் தப்பாப் படிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை மைக்குல சொல்லிரு. ரெண்டு தடவைகூட வேணாம், ஒரு தடவை போதும். கேஸும் போயிரும், உன் வேலையும் கிடைச்சிரும். ஒரு வார்த்தைதானே?"

பிக்கர் சிங் சைக்கிள் ஹேண்டிலைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். மல்கீத் நேற்று ராத்திரி எருமையை விற்கிற பேச்சை எடுத்திருந்தாள். ஒரு வார்த்தைதான். தில்லியிலும் ஒரு வார்த்தைதான் கேட்டிருப்பார்கள்.

"மாஸ்டர் கையெழுத்து ரொம்ப நல்லா இருந்துச்சு பிரதான்ஜி" என்றார். "தப்பாப் படிக்க வழியே இல்ல."

நாஹர் சிங் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். புழுதி அடங்கும்வரை பிக்கர் சிங் காத்திருந்தார்.

"பிக்கரா!" என்று வரப்பிலிருந்து சிந்தர் கூப்பிட்டாள். "சும்மாதானே நிக்கிற? வந்து இந்தக் கட்டைத் தலைக்கு ஏத்திவிடு."

சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுப் போனார். கட்டு அவர் உயரத்துக்கு இருந்தது.

"என்ன கேட்டுட்டுப் போறாரு?"

"என் கண்ணு கெட்டுப்போச்சான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் இல்லன்னேன். குனி."

அவள் குனிந்தாள். அவர் தூக்கி வைத்தார்.